ஒரு கப்பலும் இரு தீவுகளும்: 1918 கொள்ளைநோய் தரும் படிப்பினை



2020-ஆம் ஆண்டில் நம் தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்ததையும், பள்ளிவாசலின் கதவுகள் அடைபட்டு நின்றதையும், பெற்ற தந்தையின் ஜனாஸாவை மகன் தொலைவில் நின்று பார்க்க நேர்ந்ததையும் நம்மில் எவரும் மறந்திருக்க முடியாது. அந்நாட்களில் நம் உள்ளங்களில் எழுந்த வினாக்கள் பல. ஊரை அடைப்பது முறையா? அடைத்தால், அன்றாடம் உழைத்து உண்பவரின் வயிற்றுக்குப் பொறுப்பு யார்? நோய் வந்திருப்பதை வெளியே சொல்வதா, மறைப்பதா? மருந்து குறைவாக இருக்கையில் அதை யாருக்கு முதலில் கொடுப்பது?

இவ்வினாக்கள் நம் காலத்தில் புதிதாகத் தோன்றியவை அல்ல. நூறாண்டுகளுக்கு முன்னர், 1918-ஆம் ஆண்டில், இன்ஃபுளூயன்ஸா என்னும் விஷக் காய்ச்சல் உலகெங்கும் பரவிக் கோடிக்கணக்கான உயிர்களைப் பலி கொண்டபோது இதே வினாக்கள் எழுந்தன. அவற்றுக்குச் சிலர் சரியான விடை கண்டனர். சிலர் தவறான விடை கண்டனர். அந்த இரு விடைகளின் விளைவையும் அருகருகே வைத்துக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று பசிபிக் பெருங்கடலின் நடுவே நடந்தது. ஒரே மொழி பேசும் ஒரே இன மக்கள், ஒரே கடல், ஒரே நோய். ஆயினும் ஒரு கரையில் ஐவரில் ஒருவருக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மறு கரையில் ஒருவர்கூட மாளவில்லை. இவ்வேறுபாட்டை உண்டாக்கியது எது? அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டாகப் பிரிக்கப்பட்ட தீவுகள்

நியூசிலாந்துக்கு வடகிழக்கே, கடலின் மடியில் அமைந்தது சமோவா தீவுக்கூட்டம். மீனும் தென்னையும் கிழங்கும் அம்மக்களின் வாழ்வாதாரம். வல்லரசுகள் உலகைப் பங்கு போட்டுக்கொண்ட காலத்தில் இத்தீவுகளும் தப்பவில்லை. 1899-ஆம் ஆண்டு ஏற்பட்ட உடன்படிக்கையின்படி உபோலு, சவாயீ முதலிய மேற்குத் தீவுகள் ஜெர்மனிக்கும், துதுயிலா முதலிய கிழக்குத் தீவுகள் அமெரிக்காவுக்கும் சென்றன. அண்ணன் ஒரு கொடியின் கீழும் தம்பி வேறொரு கொடியின் கீழும் வாழ வேண்டிய நிலை உருவாயிற்று.

1914-ஆம் ஆண்டு முதல் உலகப்போர் மூண்டவுடன், ஆகஸ்ட் மாத இறுதியில் நியூசிலாந்துப் படை மேற்குச் சமோவாவைக் கைப்பற்றியது. கர்னல் ராபர்ட் லோகன் என்னும் படை அதிகாரி அதன் நிர்வாகியானார். கிழக்குச் சமோவாவை அமெரிக்கக் கடற்படை அதிகாரியான ஜான் மார்ட்டின் போயர் ஆளுநராக இருந்து நிர்வகித்தார். மேற்கே மக்கள்தொகை ஏறத்தாழ 38,000; கிழக்கே ஏறத்தாழ 8,000. இவ்விருவரில் எவரையும் அம்மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. ஆயினும் அத்தனை உயிர்களும் இவ்விருவரின் பொறுப்பில் இருந்தன என்பதை வாசகர்கள் நினைவில் நிறுத்த வேண்டும்.

டலூன் கப்பலின் வருகை

1918-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் நியூசிலாந்தின் ஆக்லாந்து துறைமுகத்திலிருந்து டலூன் என்னும் கப்பல் புறப்பட்டது. அவ்வேளையில் அந்நகரில் காய்ச்சல் கடுமையாகப் பரவிக்கொண்டிருந்தது. ஆனால் அன்றைய சட்டப்படி இன்ஃபுளூயன்ஸா அரசுக்குக் கட்டாயமாக அறிவிக்கப்பட வேண்டிய நோயாக இருக்கவில்லை. எனவே கப்பலில் நோய் இல்லை என்ற சான்றிதழுடன் அது கடலில் இறங்கியது. தாளில் எழுதப்பட்டது ஒன்று. கப்பலுக்குள் இருந்தது வேறொன்று!

வழியில் அக்கப்பல் பிஜித் தீவின் சுவா துறைமுகத்தை அடைந்தது. அங்கு அதற்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டு, பயணம் தொடர்வோர் கரையில் இறங்காதபடி தடுக்கப்பட்டனர். பின்னர், நவம்பர் 7-ஆம் நாள், மேற்குச் சமோவாவின் தலைநகரான ஆபியாவை வந்தடைந்தது. கப்பலில் காய்ச்சல் கண்டவர்கள் இருந்தனர். சுவாவில் கட்டுப்பாடு விதிக்கப்பட்ட செய்தி ஆபியா அதிகாரிகளுக்கு எடுத்துரைக்கப்படவில்லை. ஆக்லாந்தின் நிலைமை குறித்து நியூசிலாந்து அரசும் முன்னெச்சரிக்கை அனுப்பவில்லை. துறைமுக மருத்துவ அதிகாரியும் பயணிகளைத் தடுக்காமல் கரையிறங்க அனுமதித்தார்.

இங்கு நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். இந்த ஒரு கப்பலின் பயணத்தில் எத்தனை பேருடைய கைகளில் தடுக்கும் வாய்ப்பு இருந்தது! சான்றிதழ் வழங்கியவர், எச்சரிக்கை அனுப்பியிருக்க வேண்டியவர், கப்பலின் தலைவர், துறைமுக மருத்துவர். இவர்களில் ஒருவர் உண்மையை உரியவரிடம் உரிய நேரத்தில் சொல்லியிருந்தாலும் வரலாறு மாறியிருக்கும். அக்காலத்தில் அறிவு இல்லை என்றும் சொல்ல இயலாது. ஆஸ்திரேலியா அவ்வாண்டு அக்டோபர் மாதத்திலேயே நியூசிலாந்திலிருந்து வரும் கப்பல்களைத் தடுத்து வைக்கும் ஏற்பாட்டைத் தொடங்கிவிட்டது. வழி தெரிந்திருந்தது, அதில் நடக்க மனம்தான் இல்லை.

மரண வாரங்கள்

ஒரு வாரத்திற்குள் நோய் உபோலு தீவு முழுவதும் பரவி, சவாயீ தீவையும் எட்டியது. நவம்பர் 11-ஆம் நாள் போர் முடிந்தது என்று உலகம் மகிழ்ச்சி கொண்டாடியபோது, சமோவாவின் குடில்களில் மக்கள் காய்ச்சலில் வெந்துகொண்டிருந்தனர்.

நோயைவிடக் கொடியதாக ஒன்று அங்கு நிகழ்ந்தது. ஒரு குடும்பத்தில் அனைவரும் ஒரே நாளில் படுக்கையில் விழுந்ததால், சமைக்கவும் தண்ணீர் எடுத்துத் தரவும் ஆளில்லாமல் போயிற்று. கிழங்கு தோண்டுவார் இல்லை. மீன் பிடிப்பார் இல்லை. காய்ச்சலிலிருந்து பிழைத்திருக்கக்கூடிய பலர் கஞ்சியும் தண்ணீரும் கிடைக்காமல் உயிர் துறந்தனர். அந்நாளில் இந்நோய்க்கு மருந்து உலகில் எங்கும் கிடையாது. ஆனால் ஒரு குவளைத் தண்ணீரும் ஒரு வேளை உணவும் எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கும்!

இறந்தவர்களை அடக்கம் செய்யவும் ஆட்கள் போதவில்லை. வண்டிகள் ஊரைச் சுற்றி வந்து, பாயில் சுற்றப்பட்ட உடல்களைச் சேகரித்தன. நீண்ட குழிகள் தோண்டப்பட்டு, மையித்துகள் வரிசையாக வைத்து மூடப்பட்டன. ஆபியாவின் அருகேயுள்ள வைமோசோ என்னும் இடத்தில் அத்தகைய பெருங்குழி ஒன்றின் அடையாளம் இன்றும் உள்ளது. பெயர் எழுதப்படாமல் அதில் உறங்குவோர் பலர்.

மாண்டவர் தொகை ஏறத்தாழ 8,500 என மதிப்பிடப்படுகிறது. அதாவது மொத்த மக்களில் சுமார் 22 சதவீதம். இந்நோய் முதியோரையும் குழந்தைகளையும் விட, உழைக்கும் வயதினரையே மிகுதியாகக் கொண்டு சென்றது. ஆண்களில் 30 சதவீதம், பெண்களில் 22 சதவீதம், குழந்தைகளில் 10 சதவீதம் என்பது அக்காலக் கணக்கு. குடும்பத் தலைவர்களும் ஊர்ப் பெரியவர்களும் மதபோதகர்களும் ஒருசேர மறைந்தனர். சமோவாவின் வரலாறும் வழக்கங்களும் ஏட்டில் அல்ல, பெரியவர்களின் நெஞ்சில்தான் பாதுகாக்கப்பட்டிருந்தன. எனவே அழிந்தது உயிர் மட்டுமன்று. ஒரு சமுதாயத்தின் நினைவும் அழிந்தது.

அதே கப்பல் தொங்கா தீவுக்கும் சென்றது. அங்கு மக்களில் சுமார் 8 சதவீதத்தினர் மாண்டனர். பிஜியில் பயணிகளைத் தடுத்தபோதிலும் கரையிலிருந்து சரக்கு ஏற்றி இறக்கச் சென்றவர்கள் கப்பலோடு தொடர்பு கொண்டிருந்தனர். அங்கு மக்களில் சுமார் 5 சதவீதத்தினர் இறந்தனர். பிஜியின் கரும்புத் தோட்டங்களுக்கு 1903-ஆம் ஆண்டு முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கூலித் தொழிலாளர்கள் அனுப்பப்பட்டிருந்தனர். ஆகவே அத்தீவின் துயரில் நம் தமிழ் மண்ணிலிருந்து சென்றவர்களுக்கும் பங்கு உண்டு.

மறு கரையில் நிகழ்ந்தது

இப்போது கிழக்குச் சமோவாவைப் பார்ப்போம். ஆளுநர் போயர் கம்பியில்லாத் தந்தி வழியே வந்த உலகச் செய்திகளைக் கவனித்து வந்தார். இந்நோய் எத்தகையது என்பதை அதன் மூலம் உணர்ந்த அவர், அது தன் கரையைத் தொடும் வரை காத்திருக்கவில்லை. வரும் கப்பல்களைத் தடுத்து, நோய்க்குறி உள்ளோரைப் பிரித்து வைக்க ஏற்பாடு செய்தார். மேற்குச் சமோவாவில் நோய் புகுந்த செய்தி கிடைத்ததும், அங்கிருந்து வரும் படகுகள் அனைத்தையும் தடை செய்தார்.

ஆனால் ஒரு சிறு கடற்படைப் பிரிவைக் கொண்டு ஒரு தீவின் கரை முழுவதையும் காவல் காக்க முடியுமா? முடியாது. மேற்கிலும் கிழக்கிலும் உறவினர்கள் வாழ்ந்தனர். சிறு படகில் இரவோடு இரவாக வந்து சேர்வது எளிது. எனவே போயர் ஊர்த்தலைவர்களை நாடினார். அத்தலைவர்களின் ஒத்துழைப்பால் ஊர் மக்களே கடற்கரையில் காவல் நின்றனர். தம் சொந்த உறவினரின் படகாயினும் கரையேற விடாமல் திருப்பி அனுப்பும் கடினமான பொறுப்பை அவர்கள் ஏற்றுக்கொண்டனர்.

இக்கட்டுப்பாடு ஓரிரு வாரங்களோடு முடிந்துவிடவில்லை. தளர்த்தப்பட்ட வடிவில் 1920 வரை நீடித்தது. பிரிவின் வேதனையையும் வணிகத்தின் இழப்பையும் மக்கள் தாங்கினர். அதன் பலன் என்ன? உலகில் பெரும்பாலான நாடுகளைச் சூறையாடிய அந்நோயால் அமெரிக்கச் சமோவாவில் ஓர் உயிரிழப்புகூட நேரவில்லை. போயருக்குப் பின்னர் அமெரிக்கக் கடற்படையின் உயர்ந்த விருதான நேவி கிராஸ் வழங்கப்பட்டது. எனினும் அப்புகழில் பெரும்பங்கு, பெயர் தெரியாத அந்தக் கடற்கரைக் காவலர்களுக்கே உரியது.

கட்டுப்பாடு என்பது அதிகாரத்தால் மட்டும் நிற்பதன்று என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது. காரணம் விளக்கப்பட்டு, மக்கள் மதிக்கும் பெரியவர்களின் வாயிலாக அது சொல்லப்பட்டு, எல்லோருக்கும் ஒரேபோல் நடைமுறைப்படுத்தப்படும்போதே மக்கள் அதனைத் தமதாக்கிக் கொள்கின்றனர்.

மறுக்கப்பட்ட உதவிக்கரம்

இத்துயர வரலாற்றின் மிகக் கசப்பான பகுதி இனிமேல்தான் வருகிறது. மேற்கே மக்கள் மடிவதை அறிந்த போயர், மருத்துவ உதவி அனுப்ப ஆயத்தமாக இருப்பதாக ஆபியாவிலிருந்த அமெரிக்கத் தூதர் வழியாகத் தெரிவித்தார். லோகன் அதனைப் பொருட்படுத்தவில்லை. தன் ஆட்சிப் பகுதியிலிருந்து செல்லும் படகுகளை அமெரிக்கர்கள் தடுத்ததில் கோபமுற்றிருந்த அவர், பாகோ பாகோவுடன் இருந்த தந்தித் தொடர்பையும் துண்டித்தார். நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தொலைவில் மருத்துவர்கள் காத்திருந்தனர். இங்கே நோயாளிகள் காத்திருந்தனர். இருவருக்கும் நடுவே ஒரு மனிதரின் ரோஷம் நின்றது.

பெண்கள் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியை தம் மாணவியருக்கு உணவு கேட்டபோது நிர்வாகி கடுஞ்சொற்களால் மறுத்துவிட்டார் என்று பின்னர் விசாரணையில் சாட்சியம் பதிவாயிற்று. நவம்பர் மாத இறுதியில் ஆஸ்திரேலியக் கடற்படையின் என்கவுன்டர் என்னும் கப்பல் மருத்துவக் குழுவுடன் சிட்னியிலிருந்து புறப்பட்டு வந்தது. அது வந்து சேர்ந்தபோது டிசம்பர் பிறந்துவிட்டது. நோயின் உச்சம் கடந்திருந்தது.

தலைமைப் பொறுப்பில் இருப்போர் அறிய வேண்டிய பாடம் இது. உதவி கேட்பது இழிவன்று. நீட்டிய உதவியை ஏற்பது தோல்வியன்று. தன் சுயமரியாதையைத் தன் சொந்தப் பொருளைக் கொண்டு காப்பது ஒருவரின் உரிமை. பிறருடைய உயிரைக் கொண்டு அதனைக் காக்க எவருக்கும் உரிமை இல்லை.

விசாரணையும் மன்னிப்பும்

1919-ஆம் ஆண்டு நியூசிலாந்து அரசு விசாரணை ஆணையம் ஒன்றை அமைத்தது. நிர்வாகத்தின் கவனக்குறைவும் தவறான முடிவுகளும் இப்பேரழிவுக்குக் காரணமாயின என்று அது கண்டறிந்தது. லோகன் அதற்குள் சமோவாவை விட்டுச் சென்றுவிட்டார், திரும்பி வரவில்லை. நியூசிலாந்திலும் அந்நோயால் ஏறத்தாழ 9,000 பேர் இறந்திருந்தனர். அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் இறப்பு விகிதம் ஐரோப்பியரைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது. இதன் பின்னர் 1920-ஆம் ஆண்டு அங்குப் புதிய சுகாதாரச் சட்டம் இயற்றப்பட்டது.

ஆனால் சட்டம் திருத்தப்பட்டதால் மட்டும் சமோவாவின் காயம் ஆறவில்லை. நியூசிலாந்தின் ஆட்சியிலிருந்து தம்மை விடுவிக்குமாறு சமோவாத் தலைவர்கள் மனு கொடுத்தனர். அவ்வெறுப்பு, 1920-களின் பிற்பகுதியில் ‘மாவ்’ என்னும் அறவழி விடுதலை இயக்கம் வலுப்பெற ஒரு காரணமாயிற்று. 1929-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் ஆபியாவில் அமைதியாக ஊர்வலம் சென்ற அவ்வியக்கத்தினர் மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டு, அதன் தலைவர் தூப்புவா தமசேசே லெயாலோஃபி உள்ளிட்டோர் கொல்லப்பட்டனர். 1962-இல் மேற்குச் சமோவா விடுதலை பெற்றது.

அவ்விடுதலையின் நாற்பதாம் ஆண்டு விழா 2002-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஆபியாவில் நடந்தபோது, நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் தம் நாட்டின் சார்பில் வெளிப்படையாக மன்னிப்புக் கோரினார். 1918-இல் டலூன் கப்பலை அனுமதித்த தவறும் அம்மன்னிப்பில் இடம்பெற்றது. எண்பத்து நான்கு ஆண்டுகள் கழித்துக் கேட்கப்பட்ட மன்னிப்பு அது! இறந்தவரை அது மீட்டுத் தராது. ஆயினும், நடந்தது விதியின் விளையாட்டு மட்டுமன்று, மனிதர் செய்த தவறும் அதில் உண்டு என்ற உண்மையை அது ஒப்புக்கொண்டது. பொறுப்பேற்காத இடத்தில் திருத்தம் பிறப்பதில்லை.

நம் நாட்டில் அதே காலத்தில்

இதைப் படிக்கையில், எங்கோ தொலைதூரத் தீவின் கதை என்று எண்ணிவிட வேண்டாம். இறப்பு எண்ணிக்கையில் அந்நோய்க்கு அதிகமான உயிர்களைக் கொடுத்த நாடு நம் இந்தியாதான். 1918 ஜூன் மாதம் பம்பாய்த் துறைமுகத்தில் பணியாற்றிய காவலர்களிடம் முதலில் தென்பட்ட அக்காய்ச்சல், இரயில் பாதைகள் வழியே நாடெங்கும் சென்றது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வந்த இரண்டாம் அலை கொடூரமானது. இறந்தோர் 1.2 கோடிக்கும் அதிகம் என்பது பொதுவான மதிப்பீடு. அதைவிடக் கூடுதலாகக் கணக்கிடும் ஆய்வாளர்களும் உளர். 1911-க்கும் 1921-க்கும் இடையே நாட்டின் மக்கள்தொகையே குறைந்துபோனது என்பதைப் பள்ளிப் புத்தகங்களில் நம் பிள்ளைகளும் படிக்கின்றனர்.

பம்பாய் நகரத்தின் கணக்கு நம் சிந்தனைக்குரியது. அங்கு வாழ்ந்த ஐரோப்பியரில் ஆயிரத்துக்கு 8 பேர் இறந்தனர். முஸ்லிம்களில் ஆயிரத்துக்கு 19 பேர். தாழ்த்தப்பட்டோராக ஒதுக்கப்பட்ட மக்களிலோ ஆயிரத்துக்கு 61 பேர்! காற்றில் பரவும் கிருமி சாதியும் நிறமும் அறியாது. நெருக்கடியான குடியிருப்பும், பருவமழை பொய்த்ததால் ஏறிய தானிய விலையும், மருத்துவரை நாட இயலாத வறுமையும் அதனை அறியும். அரசு மருத்துவர்கள் பலர் போர்முனைக்கு அனுப்பப்பட்டிருந்தனர். எஞ்சிய சுமையைப் பல ஊர்களில் சமுதாய அமைப்புகளும் இளைஞர் குழுக்களுமே தோளில் சுமந்து, கஞ்சியும் மருந்தும் வழங்கின. நோய் எல்லோருக்கும் பொது என்பர். அதன் சுமை ஒருபோதும் பொதுவாக இருந்ததில்லை.

மருந்து முதலில் யாருக்கு?

1918-இல் தடுப்பூசி இல்லை. இன்று உண்டு. ஆகவே நம் காலத்தில் நீதியின் வினா வேறு வடிவில் எழுகிறது. இதற்கு இந்தோனேசியாவின் அனுபவம் நல்லதோர் எடுத்துக்காட்டு.

2005-ஆம் ஆண்டு முதல் அந்நாட்டில் பறவைக் காய்ச்சல் மனிதரைத் தாக்கி உயிர்களைப் பறித்தது. இத்தகைய கிருமி மாதிரிகளை உலக நாடுகள் 1952 முதல் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக்கூடங்களுக்கு இலவசமாக அனுப்பி வருவது வழக்கம். இந்தோனேசியாவும் அவ்வாறே அனுப்பியது. அம்மாதிரியிலிருந்து வெளிநாட்டு நிறுவனம் ஒன்று தடுப்பூசி உருவாக்குகிறது என்றும், அதனைத் தம் மக்கள் விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கும் என்றும் அந்நாடு அறிந்தது. நோயைச் சுமந்தவன் ஏழை. மருந்தைப் பெறுபவன் செல்வன்! 2007-ஆம் ஆண்டு தொடக்கத்தில் சுகாதார அமைச்சர் சித்தி ஃபதீலா சுபாரி மாதிரிகளை அனுப்புவதை நிறுத்தினார்.

இம்முடிவைக் குறை கூறியோர் பலர். மாதிரிகளை மறைத்தால் உலகம் முழுவதும் ஆபத்துக்குள்ளாகும் என்ற அவர்களின் வாதத்தில் உண்மை உண்டு. டலூன் கப்பலின் செய்தி மறைக்கப்பட்டதால் விளைந்ததை நாம் கண்டோமல்லவா? ஆயினும், தகவலைப் பகிர்வது கடமை என்றால் பலனைப் பகிர்வதும் கடமைதானே என்ற இந்தோனேசியாவின் கேள்வியையும் ஒதுக்கிவிட இயலாது. 2009-இல் பன்றிக் காய்ச்சல் உலகெங்கும் பரவியபோது, செல்வ நாடுகள் தடுப்பூசிகளை முன்கூட்டியே ஒப்பந்தம் செய்து வைத்துக்கொண்டன. ஏழை நாடுகளின் முறை பின்னரே வந்தது. நான்காண்டுப் பேச்சுவார்த்தைக்குப் பின், 2011 மே மாதம் உலகச் சுகாதாரப் பேரவை ஒரு புதிய ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டது. கிருமி மாதிரிகளைப் பகிர்வதும், அவற்றால் விளையும் தடுப்பூசியில் ஒரு பங்கை வறிய நாடுகளுக்கு ஒதுக்குவதும் அதன்மூலம் ஒன்றாக இணைக்கப்பட்டன. அவ்வேற்பாடு இன்ஃபுளூயன்ஸாவுக்கு மட்டுமே உரியது. 2020-க்குப் பின் கொரோனாத் தடுப்பூசியிலும் அதே அநீதியை உலகம் கண்டது. கொள்ளைநோய்கள் அனைத்துக்குமான உடன்படிக்கை ஒன்று 2025 மே மாதம் அப்பேரவையில் ஏற்கப்பட்டது.

முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டியவை

இவ்வரலாறுகளைத் தொகுத்துப் பார்க்கையில், சில உண்மைகள் தெளிவாகின்றன.

முதலாவது, உண்மையை மறைக்காமை. நோய் வந்ததைச் சொன்னால் வணிகம் கெடும், பெயர் கெடும், மக்கள் பீதியடைவர் என்பது அன்றும் இன்றும் கூறப்படும் சாக்கு. மறைத்த ஒரு நாளின் விலையைச் சமோவா எட்டாயிரம் உயிர்களால் செலுத்தியது.

இரண்டாவது, கட்டுப்பாட்டின் சுமையைப் பகிர்தல். பொதுநன்மைக்காக ஒருவரை வீட்டில் இருக்கச் சொன்னால், அவர் வீட்டு அடுப்பு எரிவதற்கான பொறுப்பு பொதுமக்களைச் சாரும். 2003-இல் சார்ஸ் நோய் கனடாவின் டொராண்டோ நகரைத் தாக்கியபோது, நோயாளிகளைக் கவனித்த செவிலியர்களும் நோயுற்று இறந்தனர். அவ்வனுபவத்தின் பின், 2005-இல் அந்நகரப் பல்கலைக்கழகத்தின் அறிஞர்கள் இன்ஃபுளூயன்ஸாக் கொள்ளைநோய்க்கான அறநெறித் திட்டம் ஒன்றை வெளியிட்டனர். பிறருக்காக ஆபத்தை ஏற்போருக்குச் சமுதாயம் கைம்மாறு செய்யக் கடமைப்பட்டுள்ளது என்பது அதன் முக்கியக் கருத்துகளுள் ஒன்று. 2007-இல் உலகச் சுகாதார நிறுவனமும் இத்தகைய அறநெறி வழிகாட்டுதலை வெளியிட்டது.

மூன்றாவது, நம்பிக்கையை முன்னரே சம்பாதித்தல். சமோவாவிலேயே இதற்கு அண்மைக்காலச் சான்று உண்டு. 2018-இல் தடுப்பூசி மருந்தைத் தவறாகக் கலந்ததால் இரு குழந்தைகள் இறந்தன. அச்சமுற்ற பெற்றோர் தடுப்பூசியையே தவிர்த்தனர். மறு ஆண்டு பரவிய தட்டம்மையில் 83 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் சிறு குழந்தைகள். இழந்த நம்பிக்கையை நோய் வந்த பிறகு ஒரே நாளில் மீட்க முடியாது.

நான்காவது, யாருக்கு முன்னுரிமை என்பதை அமைதிக்காலத்திலேயே ஆலோசித்தல். வெள்ளம் தலைக்கு மேல் ஏறிய பின் படகில் யாரை ஏற்றுவது என்று விவாதித்தால், வலியவன் ஏறிக்கொள்வான், எளியவன் மூழ்குவான்.

2020 மார்ச் மாதம் கொரோனாச் செய்தி வந்ததும் சமோவா தன் எல்லைகளை அடைத்தது. ஈராண்டுகள் காத்து, பெரும்பாலான மக்களுக்குத் தடுப்பூசி போட்ட பின்னரே, 2022-இல் அந்நோய் அங்கு ஊருக்குள் பரவியது. மரணங்கள் சில பத்துகளோடு நின்றன. பாட்டன் காலத்தில் கற்ற பாடத்தைப் பேரர்கள் மறக்கவில்லை.

ஜமாஅத் பெருமக்களே! அரசுகள் செய்ய வேண்டியதை அரசுகள் செய்யட்டும். 1918-இல் சமோவாவின் குடில்களில் குறைவாக இருந்தது மருந்தன்று; தண்ணீர் எடுத்துத் தரும் ஒரு கை. அதை ஒரு மஹல்லாவால் கொடுக்க முடியும். நம் தெருவில் தனியே வாழும் முதியோர் யார், அன்றாடக் கூலியை நம்பி வாழும் குடும்பங்கள் எவை, படுக்கையில் விழுந்தால் கவனிக்க ஆளில்லாதவர் எவர், நோய்க்காலத்தில் மையித்தைக் குளிப்பாட்டி அடக்கம் செய்யப் பயிற்சி பெற்ற இளைஞர்கள் எத்தனை பேர்? இப்பட்டியல் நம் நிர்வாகக் குழுவிடம் இன்று இருக்கிறதா? ஆண்டறிக்கையில் வரவு செலவுக் கணக்கைப் பார்க்கும் நாம், அடுத்த பொதுக்கூட்டத்தில் இக்கணக்கையும் கேட்கக் கடமைப்பட்டுள்ளோம்.

அடுத்த கப்பல் எப்போது வரும் என்பதை நாம் அறியோம். அது வரும் நாளில் நம் கரையில் விழித்திருப்போர் உண்டா என்பது மட்டும் நம் கையில் உள்ளது.